எலிசபெத்வில் விமான நிலையச் சாலை

1961 நவம்பர் 28 இரவு, காங்கோ நாட்டின் எலிசபெத்வில் நகரில் ஒரு விருந்து. ஊருக்கு வந்திருந்த அமெரிக்க செனட்டர் தாமஸ் டாடுக்காக ஏற்பாடானது அது. ஐக்கிய நாடுகள் சபையின் அதிகாரிகள் இருவர், பிரையன் அர்க்கார்ட்டும் ஜார்ஜ் ஐவன் ஸ்மித்தும், அங்கே போயிருந்தார்கள். கட்டாங்கா படையினர் திடீரென்று உள்ளே புகுந்து இருவரையும் அடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்மித்தை அமெரிக்கத் துணைத் தூதர் எப்படியோ மீட்டுவிட்டார். அர்க்கார்ட் பல மணி நேரம் அடிவாங்கிய பிறகு, ரத்தக் காயங்களோடு விடுவிக்கப்பட்டார். அவர்களைத் தேடிக் கிளம்பியவர்களில் ஓர் இந்திய அதிகாரியும் இருந்தார்: முதலாம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த மேஜர் அஜித் சிங். அவருடைய ஓட்டுநர் கொல்லப்பட்டார். அஜித் சிங் பிடிபட்டார், உயிரோடு திரும்பவில்லை.

அர்க்கார்ட் 101 வயது வரை வாழ்ந்து 2021 சனவரியில் காலமானார். ஐ.நா. அமைதிப்படையின் வரலாற்றை அவர் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. தம் வாழ்க்கை வரலாற்றையும் அவரே எழுதிவிட்டுப் போனார். அவரைத் தேடிப் போன மேஜரோ அநேகமாக மற்றவர்களுடைய கதைகளில் ஓரிரு வரிகளாக மட்டுமே தங்கியிருக்கிறார். சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 5 அன்று, அதே ஊரில் அதே முதலாம் கூர்க்கா ரைபிள்ஸின் மூன்றாவது பட்டாலியன் இன்னோர் அதிகாரியை இழந்தது. அவர் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. இருபத்தாறாவது பிறந்தநாள் கழிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அவருக்கு இந்தியா பரம்வீர் சக்ரா வழங்கியது. ஐ.நா. கொடியின்கீழ் பணியாற்றி அந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

தன் நாட்டு எல்லையில் இறக்கும் படைவீரரை நினைவுகூர்வதில் ஊராருக்குக் குழப்பமில்லை. எதைக் காக்கப் போய் இறந்தார் என்பது குழந்தைக்கும் விளங்கும். கடல் கடந்து, இன்னொரு மக்களின் சண்டைக்கு நடுவே நிறுத்தப்பட்டு இறப்பவரின் நிலை வேறு. அவர் காட்டிய வீரம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும். அவர் இறந்ததன் காரணம் அங்கேயே நின்றுவிடும். சலாரியாவுக்கு நடந்தது அதுதான். குக்ரிக் கத்தியோடு பாய்ந்தார், நாற்பது பேர் மாண்டார்கள் என்ற காட்சி இந்தியாவில் அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தச் சாலையில் அவர் ஏன் நின்றார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

காரணத்தைத் தேடினால் தரைக்கு அடியில் போக வேண்டும். 1960 சூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றது. பதினோரே நாளில், சூலை 11 அன்று, நாட்டின் தென்கிழக்கு மாநிலமான கட்டாங்கா தனி நாடாகிவிட்டதாக அம்மாநிலத் தலைவர் மொய்ஸ் சோம்பே அறிவித்தார். செம்பும் கோபால்ட்டும் குவிந்து கிடக்கும் மண் அது. ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பங்கு அங்குள்ள ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. சுரங்கங்களை நடத்திய பெல்ஜிய நிறுவனமான யூனியன் மினியேரின் பணமும், பெல்ஜிய அதிகாரிகளும், ஐரோப்பாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்த கூலிப்படையினரும் சோம்பேயின் பின்னால் இருந்தார்கள். புதிய நாட்டின் வருமானத்தில் பெரும்பகுதி ஒரே மாநிலத்தோடு கழன்று போகும் நிலை.

1961 சனவரி 17 அன்று காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பா கட்டாங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி வெளியானபோது ஆசியாவும் ஆப்பிரிக்காவும் கொந்தளித்தன. பிப்ரவரி 21 அன்று பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 161ஆம் தீர்மானம், உள்நாட்டுப் போரைத் தடுக்கக் கடைசி வழியாகப் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்றது. அதுவரை காங்கோவில் இருந்த ஐ.நா. படை, தன்னைச் சுட்டால் மட்டுமே திருப்பிச் சுடும் படை. ஐ.நா.வுக்குத் துருப்புகள் தேவைப்பட்டபோது நேரு முழு பிரிகேடு ஒன்றை அனுப்பச் சம்மதித்தார். சுமார் 3,000 பேர் கொண்ட 99ஆவது காலாட்படைப் பிரிகேடு, பிரிகேடியர் கே.ஏ.எஸ். ராஜாவின் தலைமையில் 1961 மார்ச் முதல் காங்கோவில் இறங்கத் தொடங்கியது. விடுதலை பெற்றுப் பதினான்கு ஆண்டுகூட முடியாத ஒரு நாடு, விடுதலை பெற்று ஓராண்டுகூட ஆகாத இன்னொரு நாடு துண்டாகாமல் இருக்கத் தன் பிள்ளைகளை அனுப்பியது. இந்தியாவின் வெளியுறவு வரலாற்றில் இதற்கு இணையான முடிவுகள் சிலவே. நம் பாடப்புத்தகங்களில் இதற்குக் கிடைத்திருக்கும் இடத்தை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

நாடு துண்டாவது என்றால் என்னவென்று சலாரியாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அவர் 1935 நவம்பர் 29 அன்று பிறந்த கிராமம் ஷக்கர்கட் அருகே இருந்தது. 1947இல் குர்தாஸ்பூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களில் ஷக்கர்கட் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. குடும்பம் இந்தியப் பக்கத்திலிருந்த ஜங்கல் என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை முன்ஷி ராம் பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஹாட்சன்ஸ் ஹார்ஸ் குதிரைப்படையில் இருந்தவர். மகன் பெங்களூரிலும் பிறகு ஜலந்தரிலும் இருந்த ராணுவப் பள்ளிகளில் படித்தார். தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் பயிற்சி பெற்று வெளியே வந்தவர்களில் முதன்முதலாகப் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவரே. 1957இல் அதிகாரியானார். நான்கே ஆண்டில் காங்கோ.

எலிசபெத்விலில் நிலைமை செப்டம்பரிலேயே முற்றிவிட்டது. 13ஆம் தேதி வெளிநாட்டுக் கூலிப்படையினரை வெளியேற்ற ஐ.நா. எடுத்த நடவடிக்கை பாதியில் சறுக்கியது. ஜாடோவில் என்ற சுரங்க நகரில் ஐரிஷ் கம்பெனி ஒன்று சூழப்பட்டது. அதை மீட்கப் போன ஐரிஷ், இந்தியப் படையினர் லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். சண்டை நிறுத்தம் பேசப் புறப்பட்ட ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட், 17ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் இன்றைய சாம்பியாவின் ந்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார். அந்த விபத்தின் மர்மம் இன்னும் தீரவில்லை, ஐ.நா. அதை மறுபடி விசாரித்துக்கொண்டிருக்கிறது. நவம்பர் 24 அன்று 169ஆம் தீர்மானம் வந்தது. கூலிப்படையினரைப் பிடித்து வெளியேற்றத் தேவையான அளவு படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அது தந்தது. விருந்திலிருந்து இருவர் இழுத்துச் செல்லப்பட்டது அடுத்த நான்காம் நாள்.

டிசம்பர் தொடக்கத்தில் கட்டாங்காவின் ராணுவமான ஜாண்டாம் படை நகருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே தடையரண்கள் எழுப்பியது. நிலப்படத்தைப் பார்த்தால் இதன் கனம் புரியும். கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கும் ஊர். சுற்றியுள்ள சாலைகளும் தொடர்வண்டிப் பாதையும் கட்டாங்காவின் பிடியில். ஐ.நா. படைக்கு ஆளும் குண்டும் உணவும் மருந்தும் வந்திறங்கும் ஒரே வாசல் விமான நிலையம். வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சாலை. அது அடைபட்டால் நகரத்தில் உள்ள படை பட்டினி கிடந்து சரணடைய வேண்டியதுதான். ஜாடோவிலில் நடந்தது இங்கே பல மடங்கு பெரிதாக நடந்திருக்கும்.

சாலைச் சந்திப்பில் இருந்த அந்தத் தடையை உடைக்கும் வேலை டிசம்பர் 5 அன்று கூர்க்காக்களுக்கு வந்தது. பட்டாலியனின் ஒரு கம்பெனி நேராகத் தாக்கும். சலாரியா விமான நிலையப் பக்கத்திலிருந்து சிறு குழுவோடு வந்து, தப்பி ஓடுகிறவர்களை மறிப்பார். திட்டம் அவ்வளவுதான். அவருக்குக் கொடுக்கப்பட்டது துணை வேலை.

நண்பகலைக் கடந்த சிறிது நேரத்தில் அவருடைய குழு தடையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தை எட்டியபோது, வலப்பக்கமாக யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து சூடு விழுந்தது. அங்கே பதுங்குகுழிகளில் சுமார் தொண்ணூறு பேர், இரண்டு கவச வாகனங்கள். சலாரியாவோடு இருந்தவர்கள் பதினாறு பேர். பின்வாங்கிக் காத்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தத் தொண்ணூறு பேர் அங்கிருந்து நகர்ந்து சந்திப்பில் இருப்பவர்களோடு சேர்ந்துவிட்டால், முன்னால் தாக்கிக்கொண்டிருக்கும் தன் பட்டாலியன் மாட்டிக்கொள்ளும் என்பதை அவர் கணித்தார். ராக்கெட் லாஞ்சரால் இரு கவச வாகனங்களும் செயலிழந்தன. பிறகு பயனெட்டும் குக்ரியும் கையெறி குண்டுமாக நேரே ஓடினார்கள். கழுத்தில் தோட்டாக்கள் பாய்ந்த பிறகும் சலாரியா நிற்கவில்லை. ரத்தம் கொட்டி விழும்வரை சண்டையிட்டார். எதிரில் இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். சந்திப்புக்கு உதவி போய்ச் சேரவில்லை. சாலை திறந்தது.

அவரது விருதுக்கான அதிகாரபூர்வப் பாராட்டுரையைக் கவனித்துப் படிக்க வேண்டும். நாற்பது பேரைக் கொன்றதும் இரண்டு வாகனங்களை அழித்ததும் கேப்டன் சலாரியா என்றே அது சொல்கிறது. விருது ஒருவருக்கு, அதனால் வினைகள் அத்தனைக்கும் எழுவாய் அந்த ஒருவரே. கூட ஓடிய பதினாறு கூர்க்காக்கள் அந்த இலக்கணத்துக்குள் மறைந்து போகிறார்கள். அன்று கூர்க்கா படைப்பிரிவுகளில் பெரும்பான்மையோர் நேபாளக் குடிமக்கள். 1947இல் இந்தியா, நேபாளம், பிரிட்டன் மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியப் படையில் சேர்ந்தவர்கள். நேபாள மலையில் பிறந்து, இந்தியச் சீருடையில், ஐ.நா. கொடியின்கீழ், காங்கோவின் ஒற்றுமைக்காகச் செம்மண் சாலையில் ஓடியவர்களை எந்த நாட்டின் நினைவுநாளில் வைப்பது? சலாரியாவின் தனி வீரத்தில் இந்தக் கேள்வியால் ஒரு குன்றிமணியும் குறையாது. ஒரு குழுவைத் தன் பின்னால் ஓடவைத்த அதிகாரி என்பதில்தான் அவர் பெருமை இருக்கிறது.

நாற்பது என்ற எண்ணின் மறுபக்கமும் மனிதர்கள்தான். கூலிப்படைத் தலைவர்களுக்குக் கீழே சண்டையிட்ட ஜாண்டாம் வீரர்களில் பெரும்பாலோர் அந்த மண்ணின் ஏழை ஆப்பிரிக்கர்கள். அவர்கள் பெயர்கள் எந்த இந்தியப் பதிவிலும் இல்லை. எலிசபெத்விலில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் அந்த டிசம்பரை வேறு விதமாக நினைவில் வைத்தார்கள். ஐ.நா. பீரங்கிகள் மருத்துவமனையையும் வீடுகளையும் தாக்கின என்று அந்நகரின் 46 மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட குற்றச்சாட்டு நூல் மேலை நாடுகளில் பரவலாக வாசிக்கப்பட்டது. அதைக் கட்டாங்கா ஆதரவுப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது உண்மை. குடிமக்கள் இறந்தார்கள் என்பதும் உண்மை. சலாரியாவை மதிக்கிறவர்கள் இந்த நூலைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. அவர் செய்தது மருத்துவமனைமீது குண்டு போட்டதல்ல. ஆயுதம் ஏந்தி மறைந்திருந்தவர்களை நேருக்கு நேர் எதிர்கொண்டது.

இந்தியாவில் அவர் நினைவு ஏன் இவ்வளவு சீக்கிரம் மங்கியது? நாட்காட்டியைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். அவர் இறந்து இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 17 முதல் 19 வரை, இந்தியப் படை கோவாவைப் போர்த்துகீசியரிடமிருந்து மீட்டது. நாட்டின் கண்கள் அங்கே திரும்பின. 1962 குடியரசு நாளில் விருது அறிவிக்கப்பட்டது. அந்த அக்டோபரில் சீனாவோடு போர். வீட்டு வாசலிலேயே தோல்வி விழுந்திருக்கும்போது காங்கோவைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆயிரக்கணக்கில் உயிர்ப்பலி, மூன்று புதிய பரம்வீர் சக்ராக்கள். கட்டாங்காவின் பிரிவினை 1963 சனவரியில் முடிவுக்கு வந்தது. இந்தியப் படைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. அந்த வெற்றியைக் கொண்டாட அப்போது மனம் இல்லை. காங்கோ பணியில் இறந்த இந்தியர்கள் 39 பேர்.

அயர்லாந்தை ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1960 நவம்பர் 8 அன்று காங்கோவின் நியெம்பாவில் லெப்டினன்ட் கெவின் கிளீசனும் அவருடைய எட்டு வீரர்களும் கொல்லப்பட்டார்கள். சவப்பெட்டிகள் டப்ளின் வந்தபோது தெருவெங்கும் லட்சக்கணக்கில் மக்கள். சிறிய நாடு, ஐ.நா.வுக்கு அனுப்பிய முதல் பெரிய படை, முதல் பெரிய இழப்பு. அது அந்நாட்டின் பொது நினைவில் பதிந்துவிட்டது. இத்தாலியும் அப்படித்தான்: 1961 நவம்பரில் கிண்டுவில் கொல்லப்பட்ட தன் 13 விமானப்படையினருக்கு ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறது. அதே அயர்லாந்து ஜாடோவிலில் சரணடைந்த தன் வீரர்களை மட்டும் பல பத்தாண்டுகள் அவமானத்தோடு ஒதுக்கி வைத்தது. ஐந்து நாள் சண்டையில் ஒருவரையும் இழக்காமல் தன் ஆட்களைக் காப்பாற்றிய கமாண்டண்ட் பேட் குவின்லன் உரிய மரியாதையைக் காணாமலே இறந்தார். இறந்தவர்களுக்கு ஊர்வலம் எடுத்த நாடு, உயிரோடு வந்தவர்களிடம் முகம் கொடுக்கவில்லை.

சலாரியாவின் பெயர் பிற்காலத்தில் பொருள்களின்மேல் ஏறியது. இந்தியக் கப்பல் கழகம் எண்பதுகளில் தன் கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயர்களைச் சூட்டியது. 1984இல் வந்த ஒன்று சலாரியாவின் பெயரைத் தாங்கிக் கடலோடியது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 21 பரம்வீரர்களின் மார்பளவுச் சிலைகளுள் அவருடையதும் உண்டு. 2023 சனவரி 23 அன்று அந்தமானின் பெயரில்லாத 21 தீவுகளுக்கு அவர்கள் பெயர்கள் வைக்கப்பட்டன. இவை அத்தனையும் நல்லவையே. ஆனால் தீவைப் பார்ப்பவருக்குக் கட்டாங்கா தெரியாது. சிலை முன் நிற்கும் பள்ளிப்பிள்ளைக்கு, அது எந்தக் கண்டத்து மரணம் என்பதைக்கூட யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த 21 பேரில் கடல் கடந்து இறந்தவர் இன்னும் ஒருவர் உண்டு. தமிழ் வாசகருக்கு அவர் பெயர் எளிதான ஒன்றல்ல. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், எட்டாவது மகார் பட்டாலியன், பம்பாயில் வளர்ந்த தமிழர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் விடுதலைப் புலிகளோடு நடந்த சண்டையில் மார்பில் சுடப்பட்டு இறந்தார். சலாரியாவின் காரணம் மறக்கப்பட்டது என்றால் பரமேஸ்வரனின் காரணம் மறக்க முடியாதபடி புண்ணாக இருக்கிறது. அமைதி காக்க இலங்கைக்குப் போன இந்தியப் படை, யாரைக் காக்கப் போனதோ அவர்கள் நடுவிலேயே போரிட நேர்ந்தது. அவர் இறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் சூட்டில் மருத்துவர்களும் நோயாளிகளும் செத்து விழுந்திருந்தார்கள். ஈழத்தில் உறவுகளை இழந்த குடும்பத்துக்கு இந்தியச் சீருடை வேறொன்றை நினைவூட்டும். 1,100க்கும் மேற்பட்ட தன் வீரர்களைப் பறிகொடுத்துவிட்டு அந்தப் படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகம் வந்தபோது, வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை.

பரமேஸ்வரனைத் தமிழில் நினைவுகூர்வது ஏன் கடினம் என்பதற்கு இவ்வளவு காரணமும் போதும். கடினம் என்பதற்காக விட்டுவிட முடியுமா? தன்னை அனுப்பிய முடிவை எடுத்தவர் அந்த மேஜர் இல்லை. மருத்துவமனையில் இறந்தவர்களும் அவரும் ஒரே கொள்கையின் விளைவுக்கு வெவ்வேறு பக்கங்களில் நின்று பலியானவர்கள். இரண்டு துயரங்களையும் ஒரே பக்கத்தில் எழுதும் துணிவு நம் இதழியலுக்கு வந்தால்தான் வரலாறு என்று ஒன்றை எழுத முடியும்.

ஐ.நா.வும் தன் பங்குக்கு நினைவுகூர்கிறது. மே 29 அமைதிப்படையினர் நாள். பணியில் இறந்தவர்களுக்கு வழங்கப்படும் டாக் ஹமர்ஷோல்ட் பதக்கம், பெயரும் இறந்த நாளும் பொறித்த முட்டை வடிவப் படிகக் கண்ணாடி. ஐ.நா. பணிகளில் இந்தியா இதுவரை 170க்கும் மேற்பட்டோரை இழந்திருக்கிறது. வேறு எந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. 2013 ஏப்ரலில் தெற்கு சூடானில் பதுங்கித் தாக்கியவர்களிடம் உயிரிழந்த லெப்டினன்ட் கர்னல் மஹிபால் சிங்கும் அவருடைய நான்கு வீரர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தச் செய்தி நம் நாளிதழ்களில் எத்தனை நாள் தங்கியது? 2023 சூனில் இந்தியா முன்மொழிந்த தீர்மானத்தைப் பொதுச்சபை ஏற்றது: இறந்த அமைதிப்படையினருக்கு நியூயார்க் தலைமையகத்தில் ஒரு நினைவுச்சுவர். விருது பெற்றவர் என்றும் பெறாதவர் என்றும் பிரிக்காமல் எழுதினால், அங்கே சலாரியா, அஜித் சிங், கிளீசன் எல்லாரும் அக்கம்பக்கத்தில் வருவார்கள்.

இந்தியப் பள்ளிகளில் 2021 முதல் ‘வீர் காதா’ என்ற திட்டம் நடக்கிறது. வீரதீர விருது பெற்றவர்களைப் பற்றி மாணவர்கள் கட்டுரையும் கவிதையும் ஓவியமும் செய்கிறார்கள். சலாரியாவை எடுத்துக்கொள்ளும் மாணவர் குக்ரியை வரையட்டும். அது அவருடைய படைப்பிரிவின் அடையாளம். கூடவே ஆசிரியர் ஒரு நிலப்படத்தையும் கேட்கலாம். நகரம் எங்கே, விமான நிலையம் எங்கே, சுரங்கம் எங்கே, அந்தச் சுரங்கத்தின் லாபம் எந்த நாட்டுக்குப் போனது என்று குறிக்கச் சொல்லலாம். எலிசபெத்வில் இன்று லுபும்பாஷி என்ற பெயரில் இருக்கிறது; அதைச் சுற்றிய நிலத்தில் செம்பையும் கோபால்ட்டையும் இன்னும் வெட்டியெடுக்கிறார்கள். பதினாறு பேரின் பெயர்களைப் பட்டாலியன் பதிவுகளிலிருந்து கேட்டு எழுதும்படி மூத்த மாணவர்களைத் தூண்டலாம். அஜித் சிங்கின் ஓட்டுநர் பெயரையும்.